கன்னத்துக்கு ஏற்ற சோங்கு

தயாபரன் துவக்குக் கழகத்தில் சேர்ந்தது சுடுகிற ஆசையில் அல்ல, கடவுச்சீட்டு எடுக்கிற ஆசையில். சுவிஸில் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இது தெரியும். ஊர்ச்சபை ஆட்கள் உங்களை மேசைக்கு முன்னால் இருத்தி வைத்து, இந்த ஊரில் எந்தக் கழகத்தில் இருக்கிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். ஒன்றிலும் இல்லை என்றால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். லாங்கன்தாலுக்குப் பக்கத்தில் அவர் இருந்த சின்ன ஊரில் கழகங்கள் மூன்றுதான். ஒன்று பாட்டுக் கழகம். தயாபரன் குளிக்கும்போது பாடினாலே மேல்வீட்டுக்காரி நிலத்தில் தடியால் தட்டுவாள். மற்றது தேகப்பயிற்சிக் கழகம். நாள் முழுக்கத் தொழிற்சாலையில் இரும்போடு மல்லுக்கட்டி வருகிறவருக்கு அதற்குமேல் என்ன பயிற்சி? மிஞ்சியது துவக்குக் கழகம்.

ஆழம் தெரியாமல் காலை விட்டார் மனிதர். சேர்ந்த பிறகுதான், இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இந்த நாட்டில் துவக்கு வாங்கவும் கூடாது, சுடவும் கூடாது என்று ஒரு சட்டம் இருப்பதைச் சொன்னார்கள். முதலே யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்கள் விண்ணப்பம் நிரப்பிய பிறகுதானே விபரம் கேட்பார்கள். சந்தாவும் கட்டியாகிவிட்டது, வெளியேறினால் ஊர்ச்சபைக்கு என்ன சொல்வது? கழகக்காரர் யோசித்துவிட்டு அவரைச் சமையலறைக்கு அனுப்பினார்கள். அப்படித்தான் தயாபரன் துவக்குக் கழகத்தில் துவக்கைத் தொடாத ஒரே உறுப்பினராக வருடக்கணக்கில் சொசேஜ் பொரித்தார், வெங்காயம் வெட்டினார். உருளைக்கிழங்குச் சலாட்டுக்குள் யாருக்கும் சொல்லாமல் கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டார். அந்தச் சலாட்டுக்காகவே அடுத்த ஊர்க்காரர்களும் சுட வந்தார்கள் என்று பிறகு கதை.

அவருடைய மனைவி சிவகலாவுக்கு இந்தக் கூத்து ஒன்றும் பிடிக்கவில்லை. பிடிக்காததற்கு அவளிடம் காரணம் இருந்தது. 2009 வைகாசியில் வன்னியில் அவளுடைய தம்பி சுபேசன் காணாமல் போனான். அந்த மாதம் முழுவதும் அவள் பஸ் பிடித்து ஜெனீவாவுக்குப் போய், ஐ.நா. முன்றலில் சனத்தோடு நின்று கத்தி, தொண்டை கட்டித் திரும்பி வந்தாள். மாதக் கடைசியில் ஊரில் வருடாந்தச் சுடுபோட்டி வந்தது. தயாபரன் ஏப்ரனை மடித்து எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

"போகாட்டி என்ன நினைப்பாங்கள்? விண்ணப்பம் இன்னும் கிடக்கெல்லோ," என்றார்.

பின்னேரம் அவர் கழற்றிப் போட்ட சட்டையில் பொரித்த எண்ணெயோடு வெடிமருந்தும் மணத்தது. அந்தச் சட்டையைச் சிவகலா தோய்க்கவில்லை. அதன்பிறகு கழகத்துக்குப் போட்டுப் போகிற உடுப்பை அவரேதான் தோய்த்துக் காயப்போட்டு வந்தார். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு கைக்கு வந்த பிறகு அவர் விட்டுவிடுவார் என்று அவள் நினைத்தாள். அவர் விடவில்லை. முதல்முறை பாயில் குப்புறப் படுத்துத் தன் கையால் சுட்டுவிட்டு வந்த அன்று, ஏதோ வைத்தியரிடம் போய் நல்ல செய்தி கேட்டு வந்தவர் போல அமைதியாக இருந்தார். "மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கேக்கை ஒண்டும் நினைவில வராது. வேலையும் இல்லை, ஊரும் இல்லை," என்றார். அவருக்கும் மறக்கவேண்டியது இருக்கிறது என்பது அவளுக்கு அன்றுதான் உறைத்தது. இருந்தாலும் துவக்கு வீட்டுக்குள் வரக்கூடாது என்றாள். அது கட்டடத்துக்கு அடியில், கெல்லரில், பூட்டுப்போட்ட இரும்பு அலுமாரியில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

இறந்துபோன ஒரு கழகக்காரரின் பழைய துவக்கு அது. ஒவ்வொரு வெடிக்கும் பொல்ட் என்கிற இரும்புத் தண்டைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளவேண்டும். கொஞ்சக் காலத்தில் தயாபரன் அதன் மரக்கட்டையைக் கழற்றிவிட்டு, லொறிக்குச் சேசிஸ் இருப்பது போல அலுமினியத்தில் ஒரு சேசிஸ் வாங்கிப் பூட்டினார். அந்தச் சேசிஸோடு வந்த சோங்கு, அதாவது தோளில் முட்டுக்கொடுக்கிற பின்பாகம், அவர் உடம்புக்கு அளவாக அமைந்துவிட்டது. ஒரு தரம் முறுக்கி இறுக்கினார், பிறகு தொடவில்லை. உடம்பு மாறாதென்று நினைப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

உடம்பு மாறியது. வலது கீழ்த்தாடையில் வந்த கட்டி புற்றுநோய் என்றார்கள். பேர்ணில் பெரிய ஆஸ்பத்திரியில் தாடையில் பாதியை எடுத்து, காலிலிருந்து எலும்பு வெட்டி வைத்து, தகடு போட்டுத் தைத்தார்கள். பிறகு கதிர்ச் சிகிச்சை. உயிர் தப்பியது. ஆனால் வலது கன்னம் உள்ளே போய்விட்டது. அந்தப் பக்கத்தில் தொட்டால் அவருக்குத் தெரியாது, தேத்தண்ணி வழிந்தாலும் தெரியாது. வாய் நிறையச் சோற்றோடு கதைப்பது போலத்தான் பேச்சு வந்தது. விளங்கிக்கொள்ள உலகத்தில் இரண்டே பேர், சிவகலாவும் வின்டர்தூரில் வேலை செய்யும் மகள் ஹரிஷாவும்.

தொழிற்சாலைக்கு அவர் திரும்பிப் போகவில்லை. கழகத்துக்கும் போகவில்லை. ஆட்கள் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சிவகலா வலது பக்கம் வந்து இருந்தால் எழுந்து மற்றப் பக்கம் மாறி இருந்தார். கன்னத்தை அவளையும் தொட விடவில்லை. மனம்விட்டுக் கதைக்கவென்று ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். கதைக்க ஏலாத மனிதனைக் கதைக்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்? இரண்டு தரம் போனார், பிறகு போகவில்லை.

மார்கழியில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், சூப்புக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்கு இனிக் காணும்," என்றார்.

சூப்புப் போதும் என்கிறார் என்று முதலில் நினைத்தாள். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அடுத்த நாள் அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது திறப்பை எடுத்துக்கொண்டு கெல்லருக்கு இறங்கினாள். அந்தப் பொல்ட் இல்லாவிட்டால் துவக்கு வெறும் தடிதான் என்று அவர் எப்போதோ சொன்னது நினைவிருந்தது. அதைக் கழற்றி, பழைய சேலைத்துண்டில் சுற்றி, மேலே கொண்டுவந்து சாமித்தட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தாள். கெல்லர் சாமான் சாமித்தட்டுக்கு ஏறியதற்கு முருகன் அவளை மன்னிப்பார். வேறு எங்கே வைக்க? அந்த வீட்டில் தயாபரன் கை வைக்காத இடம் அது ஒன்றுதான்.

அவள் அங்காடி ஒன்றில் காலைநேர வேலை செய்தாள். ஒவ்வொரு நாளும் அவரைத் தனியே விட்டுத்தான் போகவேண்டியிருந்தது. பொல்ட் படத்துக்குப் பின்னால் இருக்கிறது, அவருக்குத் தெரியாது என்ற ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் போய் வந்தாள்.

பங்குனி பிறந்து வெயில் கொஞ்சம் தலைகாட்டியபோது, தயாபரன் பல்கனியில் இருந்தபடி தொலைபேசியில் எதையோ திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒரு நாள் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். சோங்குகள். கறுப்புச் சோங்கு, மண்ணிறச் சோங்கு, மடிகிற சோங்கு, கன்னத் தகடு ஏறி இறங்குகிற சோங்கு.

"பழசு இனிச் சரிவராது. கன்னம் அதில முட்டாது," என்றார். "மாத்திற சோங்கு வேணும்."

சிவகலாவுக்குத் தெரிந்த சோங்கு வேறு. ஊரில் சோதனைச்சாவடியில் சுபேசனின் முதுகில் இறங்கியது ஆமிக்காரனின் துவக்குச் சோங்குதான். அவன் பிறகு ஒரு மாதம் நிமிர்ந்து படுக்கவில்லை. அந்தச் சொல்லை இத்தனை வருடத்துக்குப் பிறகு தன் வீட்டுக்குள்ளே கேட்க அவளுக்கு உடம்பு கூசியது. அதைவிட மற்றப் பயம் பெரிது. இந்த மனிதன் வாழத் தொடங்குகிறாரா, இல்லை துவக்குக்குக் கிட்டப் போக வழி தேடுகிறாரா? அது விளங்காமல் ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

வேலைக்குப் போகும் வழியில் ஹரிஷாவுக்குத் தொலைபேசி அடித்தாள்.

"நீ என்ன சொல்லுறாய் பிள்ளை? எனக்குப் பயமாக் கிடக்கு."

"அம்மா, சாக நினைக்கிற ஆள் உப்பிடி அளவு பாத்துச் சாமான் வாங்குவாரோ? நாலு மாசத்தில அப்பா வேணும் எண்டு கேட்டது இது ஒண்டைத்தான்."

"அப்ப வாங்கட்டோ?"

"வாங்குங்கோ. ஆனா அந்தப் பொல்ட்டை மட்டும் குடுத்திடாதேங்கோ."

மகள் சொன்னதில் நியாயம் இருந்தது. தண்ணீரில் போகிறவன் துரும்பைப் பிடிப்பது போலச் சிவகலா அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டாள்.

துவக்குக் கடை பக்கத்து ஊரில் இருந்தது. துவக்கையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். தயாபரன் கெல்லருக்கு இறங்கிப் போய் அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பொல்ட் எங்கே என்று கேட்டால் சொல்ல அவள் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். துப்புரவாக்குவதற்கென்று கழகக்காரர் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று சொல்வதாக இருந்தாள். அவர் கேட்கவில்லை. பையின் சிப்பை இழுத்து மூடி, காரின் பின்னால் வைத்துவிட்டு முன்னால் வந்து இருந்தார். கவனிக்கவில்லை போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் றைசர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட வயதான மனிதர். தயாபரன் தன் பாட்டில் சொல்ல வெளிக்கிட்டார். றைசர் இரண்டு தரம் "என்ன?" என்று கேட்டுவிட்டுப் பாவமாகச் சிவகலாவைப் பார்த்தார். தயாபரனின் முகம் சுருங்கியது. இனி அவள்தான் கதைக்கவேண்டும். அங்காடியில் தட்டு அடுக்கியும் மரக்கறி நிறுத்தும் படித்த ஜெர்மனில், வாழ்க்கையில் வெறுத்த ஒரு சாமானை, புருஷனுக்காக அவள் விளங்கப்படுத்தத் தொடங்கினாள். அவர் தமிழில் சொல்வார், அவள் கேட்டு மாற்றிச் சொல்வாள்.

றைசர் முதலில் இடது தோளுக்கு மாற்றிச் சுடலாமே என்றார். தயாபரன் இல்லை என்று தலையாட்டினார். இடது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். சரி என்று றைசர் மூன்று சோங்குகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். அவர் சொன்னதில் சிவகலாவுக்கு ஒன்று விளங்கியது. சுடுகிறவனுக்குக் கன்னம் ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் பட்டால்தான் கண் ஒரே இடத்தில் நிற்கும். கன்னம் அரை விரல் அசைந்தால் குண்டு அயலூருக்குப் போகும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்து பார்க்கவேண்டும். துவக்கின் மேல் பூட்டிய தொலைநோக்கிக்குள் நேராகத் தெரிந்தால் அது உங்களுக்கான சோங்கு.

முதலாவது பாரமில்லாதது, மடிகிறது. தகட்டை எவ்வளவு உயர்த்தினாலும் குழிவிழுந்த கன்னத்துக்கும் அதற்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. இரண்டாவதுதான் தயாபரன் பல்கனியில் இருந்து நாளெல்லாம் பார்த்தது. சில்லைத் திருகத் திருகத் தகடு மேலே வரும். றைசர் திருகினார்.

"இப்போது படுகிறதா?" என்று கேட்டார்.

றைசர் இன்னும் கொஞ்சம் திருகிவிட்டு மறுபடி கேட்டார். தயாபரன் கண்ணை மூடியபடியே இருந்தார். இமை மட்டும் துடித்தது. சிவகலாவுக்கு அப்போதுதான் விளங்கியது. படுகிறதா இல்லையா என்று அவருக்கே தெரியாது. அந்தக் கன்னத்தில் உணர்ச்சியே இல்லையே! எத்தனை கடையில் எத்தனை சோங்கு வைத்தாலும் இந்தக் கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. இத்தனை நாள் படம் படமாகப் பார்த்த மனிதன் இதை யோசிக்காமல் வந்துவிட்டாரே என்று அவளுக்குப் பட்டது.

அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவருடைய வலது பக்கம் போய் நின்றாள். உள்ளங்கையைத் தகட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் நுழைத்தாள். சத்திர சிகிச்சைக்குப் பிறகு அவள் அந்தக் கன்னத்தைத் தொட்டது அதுதான் முதல்தரம். தோல் மெல்லிசாக, கொஞ்சம் குளிராக இருந்தது, உள்ளே தாடையில் வைத்துத் தைத்த தகட்டின் விளிம்பு தட்டுப்பட்டது. அவர் விலகவில்லை. அவளுடைய கை அங்கே இருப்பது அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

"இல்லை, மேல்பக்கம் மட்டும்தான் முட்டுது," என்று தமிழிலேயே சொன்னாள். பிறகு றைசருக்கு மாற்றிச் சொன்னாள். "உயரம் காணாது. தகடு பக்கவாட்டில் அவரை நோக்கி வரவேண்டும். எலும்பில் அழுத்தக்கூடாது."

றைசர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு மூன்றாவதை எடுத்துச் சேசிஸில் பூட்டினார். பார்க்க வடிவில்லாத சாமான், பாரமும் கூட. ஆனால் கன்னத் தகடு மேலே வந்தது, பக்கத்துக்கு வந்தது, சரிந்தும் கொடுத்தது. கொஞ்சம் கொஞ்சமாக அதை உள்ளே தள்ளினார். சிவகலா கையை வைத்து, இன்னும், இன்னும், காணும் என்றாள். தயாபரன் கண்ணைத் திறந்தார்.

"நேராத் தெரியுது," என்றார்.

சத்திர சிகிச்சைக்குப் பிறகு அவருடைய குரல் அவ்வளவு தெளிவாக வந்ததை அவள் கேட்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. கடைக்காரர் முன்னால் அழக்கூடாதென்று சுவரில் தொங்கிய தொப்பிகளைப் பார்த்தாள்.

றைசர் சந்தோஷமாகக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். இனிக் கடைசியாக ஒன்று பார்க்கவேண்டும் என்றார். தகடு இவ்வளவு உயர்ந்து நின்றால், பொல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும்போது அது தகட்டில் இடிக்கலாம். இடிக்காத மாதிரி இதில் வெட்டு விட்டிருக்கிறார்கள், இருந்தாலும் போட்டுப் பார்க்கவேண்டும்.

"பொல்ட்டைத் தாருங்கள்," என்று கையை நீட்டினார்.

சிவகலா கீழே வைத்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். தயாராக வைத்திருந்த பொய்யைச் சொல்லவும் முடியாது. இந்த மனிதரும் அதே கழகத்துக்காரர்களை அறிந்தவராகத்தான் இருப்பார். தயாபரன் பையைத் திறந்து தேடவில்லை. குனிந்து, சோங்கின் திருகாணி ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வீட்டில் இருக்கிறது," என்றாள் சிவகலா. "நான் வைத்திருக்கிறேன்."

றைசர் அவளைப் பார்த்தார், பிறகு தயாபரனுடைய முகத்தைப் பார்த்தார். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு துவக்கு. எந்த வீட்டில் யார் எதை ஏன் எடுத்து வைப்பார்கள் என்று துவக்குக் கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவர் உள்ளே போய் அதே மாதிரித் துவக்கு ஒன்றின் பொல்ட்டை எடுத்துவந்து, போட்டு இழுத்துப் பார்த்தார். இடிக்கவில்லை. அதைத் திரும்பக் கழற்றித் தன் மேற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சோங்கு சேசிஸிலேயே இருக்கட்டும் என்று துவக்கைப் பையில் வைத்து மூடி, வாசல்வரை தானே தூக்கிக்கொண்டு வந்தார். தயாபரனுடைய கையைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை உங்களைச் சுடுதளத்தில் பார்க்கிறேன் என்றார்.

காரில் ஏறிய பிறகு சிவகலா திறப்பைப் போட்டாள், திருப்பவில்லை. மழை தூறத் தொடங்கியிருந்தது. இனியும் மறைத்துப் பிரயோசனம் இல்லை என்று பட்டது.

"இஞ்சேருங்கோ," என்றாள். "பொல்ட்டை நான்தான் எடுத்து வைச்சனான். நீங்கள் அண்டைக்குக் காணும் எண்டு சொன்னதுக்குப் பிறகு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பொங்கலுக்கு நீர் வேலைக்குப் போட்டீர். நான் படங்களைத் துடைப்பம் எண்டு எடுத்தனான்." அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. ஆனால் அவளுக்கு எல்லாம் விளங்கின. "முருகன்ரை படத்துக்குப் பின்னால கிடந்தது."

தைப்பொங்கல். இப்போது பங்குனி. அவருக்குத் தெரியாத இடம் என்று நம்பித்தானே அவள் நாள்தோறும் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். கேட்கக்கூடாது என்று நினைத்தாள், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"எடுத்தனீங்களோ?"

"ஓம். கெல்லர் மட்டும் கொண்டுபோனனான்." வாயோரம் வழிந்ததை லேஞ்சியால் துடைத்தார். "பிறகு கொண்டுவந்து அங்கையே வைச்சிட்டன். ஒருக்கா இல்லை. ரெண்டு மூண்டு தரம்."

சிவகலா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கோபமும் வந்தது, யாரில் என்று தெரியவில்லை. "என்னட்டை ஏன் சொல்லேல்லை?" என்றாள். "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ?"

"சொன்னா நீர் இடத்தை மாத்தியிருப்பீர்."

வெளியே றைசர் கடையின் பலகையை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தயாபரன் அவளுடைய பக்கம் திரும்பினார். திரும்பும்போது அந்தக் கன்னத்தை மறைக்கவில்லை.

"இண்டைக்குச் சொல்லிப்போட்டன்," என்றார். "வீட்டை போனவுடனை மாத்தும். எனக்குத் தெரியாத இடத்தில வையும்."

சிவகலா ஓம் என்றாள்.